வரி எங்கே முடிகிறது?

ஓர் எண்டர் தட்டலின் வரலாறு
(இயந்திரவியல் துறை, 2005–2009)

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டது என் எழுத்துத் திறமைக்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்தின் முகவரிப் பட்டியல் 2012ஆம் ஆண்டிலிருந்து என் கையில் இருக்கிறது. "அந்தப் பட்டியல்ல என்னதான் நடந்துச்சுன்னு நீயே எழுதிக் குடுத்துருப்பா, ஆளாளுக்குப் பதில் சொல்லி எங்களுக்கு மாளலை" என்றார் செயலாளர் அண்ணன். சரி என்று உட்கார்ந்தால், பட்டியலின் கதை நூற்றிருபது வருடம் பின்னால் போய் நிற்கிறது. பெரியவர்களும் மாணவ நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

2019ல் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுத்ததில் அவரும் நம் கல்லூரி என்று தெரிந்தது. 1991ல் படித்து முடித்தவர். சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் உற்சாகமாக, "போன வருஷம் சந்திப்புக்கு வரலீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

"கூப்பிட்டாத்தானுங்க தம்பி வர்றது" என்றார். ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மூணு தடவை ஆச்சு. எங்க செட்ல எல்லாத்துக்கும் பத்திரிகை வந்துச்சு. ஒருத்தனுக்கு ரெண்டு வந்துச்சாமா. எனக்கு இல்லை. சரி, அவங்களுக்கு என்ன சங்கடமோ, நாம கேக்கறது நல்லா இருக்காதுன்னு உட்டுட்டேன்."

அந்தச் சங்கடம் என்ன என்று பிறகு இன்னொருவர் மூலம் தெரிந்தது. 2006ல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்து நாமக்கல் முட்டை விலை சரிந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் அவர் கூடப் படித்த இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் காலம் ஆகிவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். சந்திப்புக்கு மட்டுமல்ல, அந்த நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்கும் போவதை நிறுத்தியிருந்தார்.

அன்று இரவே வீட்டில் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால், எண்டர் என்று நாம் தட்டுகிற அந்தப் பொத்தானின் வம்சாவளியைச் சொல்லியாக வேண்டும்.

என் பெரியம்மா ராசிபுரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். லோயர், ஹையர் பரீட்சை நெருங்கினால் காலை ஆறு மணிக்கே பத்து மெஷினும் ஒரே சமயத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போடும். டைப்ரைட்டரில் எழுத்து விழும் இடம் நகர்வதில்லை. காகிதத்தைச் சுற்றி வைத்திருக்கும் வண்டிதான் எழுத்துக்கு ஒரு அடி இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகும். வலது ஓரம் நெருங்கினால் 'டிங்' என்று மணி. உடனே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஒரே தள்ளுதான், ஆனால் அதற்குள் இரண்டு வேலை. முதலில் உருளை சுழன்று காகிதம் ஒரு வரி மேலே ஏறும். பிறகு வண்டி முழுவதும் ஆரம்ப இடத்துக்குத் திரும்பும். அரைகுறையாகத் தள்ளினால் வரி மேல் வரி விழுந்துவிடும்; பெரியம்மாவின் ஸ்கேல் முட்டியில் விழும்.

இரண்டையும் தனித்தனியாகவும் செய்யலாம். உருளையின் குமிழை மட்டும் திருகினால் காகிதம் ஏறும், வண்டி அப்படியே நிற்கும். வண்டியை மட்டும் கையால் பின்னுக்கு இழுத்தால் அதே வரியில் மறுபடி அடிக்கலாம். தலைப்புக்கு அடிக்கோடு போடுவது அப்படித்தான். தமிழ் மெஷினில் இன்னொரு விசேஷமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1886ல் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழுக்கான தட்டச்சு அமைப்பை உருவாக்கியபோது, புள்ளி போன்ற குறிகளுக்கு வண்டி நகராத விசைகளை வைத்தார். அந்த விசையைத் தட்டினால் குறி விழும், வண்டி அசையாது. எழுத்தைத் தட்டினால்தான் நகரும். ஆக, 'அச்சிடுவது' வேறு, 'நகர்வது' வேறு என்பதை நம் ஊர் டைப்பிஸ்டுகளின் விரல்கள் எந்தக் கம்ப்யூட்டர் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தன.

நம் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ தறியில் நாடா ஒரு பக்கம் போகும்போதும் ஊடை போடும், திரும்பி வரும்போதும் ஊடை போடும். சும்மா திரும்புவதில்லை. டைப்ரைட்டர் வண்டியோ ரிட்டர்ன் லோடு கிடைக்காத நாமக்கல் லாரி மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் காலியாகத்தான் திரும்புகிறது. அந்தக் காலி ஓட்டத்துக்கு ஆகும் நேரம்தான் இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம்.

அடுத்து தந்திக்கு வருவோம். பிரான்சின் எமில் போடோ 1870களில் ஐந்து அலகுகளால் எழுத்துகளை அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். ஐந்து அலகு என்றால் மொத்தம் 32 சேர்க்கைதான். நியூசிலாந்தில் பிறந்த டொனால்ட் மர்ரே 1901 வாக்கில் அதை மாற்றியமைத்து, டைப்ரைட்டர் மாதிரியான விசைப்பலகையால் காகித நாடாவில் துளை போட்டு அனுப்பும்படி செய்தார். எதிர்முனையில் இருக்கும் மெஷினுக்கு மனிதக் கை கிடையாது. நெம்புகோலை யார் தள்ளுவது? அதனால் 'வண்டியே, திரும்பு' என்பதற்கு ஒரு குறி, 'காகிதமே, ஒரு வரி ஏறு' என்பதற்கு ஒரு குறி என இரண்டை ஒதுக்கினார். முதலாவது கேரேஜ் ரிடர்ன். இரண்டாவது லைன் ஃபீட். பெரியம்மாவின் ஒரே தள்ளல் இரண்டு கட்டளைகளாகப் பிரிந்தது இங்கேதான்.

இந்தியாவிலும் டெலிபிரிண்டருக்கு ஒரு பெரிய காலம் இருந்தது. சென்னை கிண்டியில் 1960ல் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ், இத்தாலியின் ஒலிவெட்டி தொழில்நுட்பத்தோடு தொடங்கப்பட்டது. பத்திரிகை ஆபீஸ், ரயில்வே, தந்தி ஆபீஸ் என்று எங்கும் அந்த மெஷின்கள் தடதடத்தன. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டபோது கடைசித் தந்தி அனுப்ப வரிசையில் நின்றவர்களின் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். தந்தி போய்விட்டது. அதன் இரண்டு கட்டளைகள் மட்டும் போகவில்லை.

1963ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டுத் தரம் வந்தது. அதில் லைன் ஃபீடுக்கு எண் 10, கேரேஜ் ரிடர்னுக்கு எண் 13. அதே சமயத்தில் வந்த டெலிடைப் மாடல் 33 என்ற மெஷின்தான் பல ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களுக்கு வாயும் காதும். வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அதாவது ஓர் எழுத்துக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் வலது கோடியிலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப அதைவிட அதிக நேரம் பிடிக்கும். திரும்பச் சொல்லிவிட்டு உடனே அடுத்த எழுத்தை அனுப்பினால், அது பாதி வழியில், பக்கத்தின் நடுவில் எங்கேயாவது ஈஷிக்கொண்டு விழும். அதனால் முதலில் 13 அனுப்பு, பின்னால் 10 அனுப்பு. காகிதம் ஏறுகிற நேரத்தில் வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும். இன்று விண்டோஸ் கோப்பில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் 13, 10 என்ற வரிசையில் இரண்டு எண்கள் உட்கார்ந்திருப்பது அந்த இரும்பு வண்டி திரும்பக் கொடுத்த அவகாசத்தின் மிச்சம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம், கம்ப்யூட்டர் துறை சாராத மூத்தோர்களுக்காக. திரையில் நாம் பார்க்கிற வரிகள் கோப்புக்குள் வரிகளாக இல்லை. உள்ளே ஒரே நீளச் சரடுதான், பூச்சரம் மாதிரி. எங்கே வரி முடிகிறது என்பதற்கு அதில் அங்கங்கே ஒரு முடிச்சு. முடிச்சு எது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. பஞ்ச் கார்டு காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை: ஒரு கார்டு ஒரு வரி, 80 எழுத்து, முடிந்தது.

முதலில் இரண்டு எண் வேண்டாம், ஒன்று போதும் என்று துணிந்தவர்கள் 1960களில் எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலெக்ட்ரிக் சேர்ந்து கட்டிய மல்டிக்ஸ்காரர்கள். அவர்கள் வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வண்டி திரும்புவது பிரிண்டரின் கவலை. அதை ஏன் கோப்புக்குள் எழுதி வைக்க வேண்டும்? கோப்பில் 10 மட்டும் போடு. பிரிண்டருக்கு அனுப்பும்போது அதற்கான மென்பொருள் 13ஐச் சேர்த்துக்கொள்ளட்டும். பெல் ஆய்வகம் 1969ல் அந்தத் திட்டத்திலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதே ஆண்டு தொடங்கிய யூனிக்ஸில் இந்த வழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். லினக்ஸுக்கும் அதுவே வந்தது.

இன்னொரு கிளை வேறு பக்கம் போனது. 1974ல் கேரி கில்டால் எழுதிய சி.பி.எம்., டெக் கம்பெனி மெஷின்களின் பழக்கத்தைப் பின்பற்றி 13, 10 இரண்டையும் வைத்துக்கொண்டது. அதற்கு ஒத்துப்போகும்படி டிம் பேட்டர்சன் 1980ல் எழுதியதுதான் 1981ல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த டாஸ் ஆனது. டாஸிலிருந்து விண்டோஸ். ஆப்பிள் மட்டும் சும்மா இருக்குமா? ஆப்பிள் இரண்டிலும், 1984ல் வந்த மெக்கிண்டாஷிலும் 13 மட்டும் போதும் என்றார்கள். ஒரே முடிச்சுக்கு மூன்று பங்காளிகள். யூனிக்ஸ் வீட்டில் 10, ஆப்பிள் வீட்டில் 13, விண்டோஸ் வீட்டில் இரண்டும். ஐ.பி.எம்.மின் பெரிய மெஷின்களில் இந்த மூன்றும் இல்லாத நான்காவது குறி ஒன்று தனியாக இருந்தது.

என் தொழிலிலும் இதே கூத்துதான். போர்வெல் ரிக் வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் பட்டறையில் சி.என்.சி. மெஷின்கள் என் பொறுப்பு. துளையிட்ட காகித நாடாவில் புரோகிராம் ஏற்றிய காலத்திலேயே இரண்டு தரம்: இ.ஐ.ஏ. முறையில் ஒரு கட்டளை வரி முடிகிறது என்பதற்குக் கேரேஜ் ரிடர்ன், ஐ.எஸ்.ஓ. முறையில் லைன் ஃபீட். இன்று நாடா போய்க் கார்டு வந்தாலும், மெஷின் திரையில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு அரைப்புள்ளி தெரிகிறதே, அது அந்த முடிச்சின் முகமூடி. ஆபரேட்டர் தம்பிகளிடம் கேட்டால் "அது சும்மா வருங்க சார்" என்பார்கள்.

சண்டையைத் தீர்க்க யூனிகோடுகாரர்கள் 'வரி முடிவு', 'பத்தி முடிவு' என்று இரண்டு புதுக் குறிகளையே உருவாக்கிக் கொடுத்தார்கள். யாரும் சீந்தவில்லை. பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேச வந்தவர் புதுப் பங்காளியானதுதான் மிச்சம். ஆப்பிள் 2001ல் மேக் ஓ.எஸ். டென் கொண்டுவந்தபோது, அடித்தளம் யூனிக்ஸ் என்பதால் 10க்கு மாறிக்கொண்டது. விண்டோஸின் நோட்பேடோ 1985ல் பிறந்தது. 10 மட்டும் உள்ள கோப்பை வரி பிரித்துக் காட்டக் கற்றுக்கொண்டது 2018ல்! முப்பத்து மூன்று வருடம். அதுவரை லினக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் மொத்தமும் ஒரே வரியாக ஓடும். படிக்கிற காலத்தில் லேபில் நானும் அதைப் பார்த்து, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று அழித்திருக்கிறேன்.

தமிழுக்கு இது வெறும் தொழில்நுட்ப வம்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது, பாட்டாக இருந்தாலும் அடி பிரிக்காமல் ஓலையின் அகலம் வரை எழுதிக்கொண்டே போவார்கள். வரி முடிவது ஓலை தீர்ந்ததால். பொருள் முடிந்ததால் அல்ல. உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்று ஒரு வரியில் படித்துவிடுகிறோம். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது, அடி எங்கே ஒடிகிறது என்று சுவடி சுவடியாகப் பார்த்துப் பிரித்த உழைப்பு அதற்குள் இருக்கிறது. சந்தேகம் வந்தால் யாப்பு கைகொடுக்கும். குறள் என்றால் முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூன்று. கணக்குத் தப்பினால் எங்கோ பிழை.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை மாணவ நண்பர்கள் அறிந்திருக்கலாம். சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கல்யாணசுந்தரம் ஏற்கெனவே மயிலை என்ற தமிழ் எழுத்துருவை மெக்கிண்டாஷ், விண்டோஸ், யூனிக்ஸ் மூன்றிலும் பயன்படும்படி செய்து இலவசமாகக் கொடுத்தவர். மூன்று பங்காளி வீட்டுக்கும் பொதுவாக எழுத்துக் கொடுப்பது எத்தனை சிரமம் என்பது இந்த வம்சாவளி தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். உரைநடையில் வரி ஒடிந்தால் கண்ணுக்குத்தான் கஷ்டம். வெண்பாவில் ஒடிந்தால் வெண்பாவே இல்லை.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன்.

2012ல் முதல் தடவையாக எல்லா வருடத்தாரையும் ஒன்றாக அழைப்பது என்று சங்கம் முடிவு செய்தது. அதுவரை அந்தந்த செட் ஆட்களே தங்களுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். செட்டுக்கு ஒருவர் தங்கள் பட்டியலைக் கோப்பாக அனுப்பினார்கள். வரிசை எண், பெயர், முகவரி, பின்கோடு, போன் என்று காற்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு. மொத்தம் 31 கோப்புகள். சிலது எக்ஸெலிலிருந்து, சிலது நோட்பேடில் கையால் அடித்தது, சிலது பெங்களூரில் லினக்ஸில் வேலை பார்க்கும் நண்பர்கள் அனுப்பியது. ஒன்று மட்டும் தொண்ணூறுகளில் சேலத்தில் ஒரு டி.டி.பி. கடையில் மெக்கிண்டாஷில் அடித்த பழைய பட்டியல். யாரோ பத்திரமாக சி.டி.யில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதைத் திறந்தால் 58 பேரும் ஒரே வரி. லேபிள் அடித்தால் 58 பேருக்கும் சேர்த்து ஒரே லேபிள் வந்தது. எல்லாரும் சிரித்தோம். பத்து நிமிடத்தில் 13ஐ எல்லாம் 10 ஆக்கிச் சரி செய்தேன். ரொம்பப் பெருமை எனக்கு.

பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஒரு செட்டே காணாமல் போனால் தெரியாதா? ஒரே ஓர் ஆள் காணாமல் போனால்தான் தெரிவதில்லை.

யூனிக்ஸ் வழக்கப்படி முடிச்சு என்பது வரியை முடிப்பது. அதாவது கடைசி வரிக்குப் பிறகும் ஒரு முடிச்சு இருந்தாக வேண்டும். நோட்பேடில் கையால் அடிப்பவர்களுக்கு எண்டர் என்பது இரண்டு வரிகளைப் பிரிப்பது. கடைசிப் பெயருக்கு அப்புறம் பிரிக்க என்ன இருக்கிறது? அதனால் தட்ட மாட்டார்கள். இரண்டுமே நியாயம்தான். ஆனால் நான் 31 கோப்புகளையும் லினக்ஸில் ஒரே கட்டளையில் வரிசையாக ஒட்டினேன். கடைசி முடிச்சு இல்லாத கோப்பின் கடைசி ஆளும், அடுத்த கோப்பின் முதல் ஆளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டார்கள். முந்தைய ஆளின் போன் நம்பரோடு பிந்தைய ஆளின் வரிசை எண் ஒட்டியது. அதன் பின்னால் அவர் பெயர், முகவரி எல்லாம். லேபிள் அடிக்கும் புரோகிராம் ஒவ்வொரு வரியிலும் முதலில் வரும் பெயரையும் முகவரியையும் எடுக்கும்; மீதியைக் கண்டுகொள்ளாது. அதனால் 1990 செட்டின் கடைசி ஆளுக்குப் பத்திரிகை ஒழுங்காகப் போனது. 1991 செட்டின் முதல் ஆளுக்குப் போகவில்லை. சேந்தமங்கலத்து அண்ணன் அவர் செட்டில் வரிசை எண் ஒன்று.

31 கோப்புகளில் ஒன்பதில் கடைசி முடிச்சு இல்லை. ஒன்பது செட்டிலும் முதல் எண்காரர்கள் காணாமல் போனார்கள். 2012, 2015, 2018 என்று மூன்று சந்திப்புக்கும் அதே பட்டியல்.

ஒருவருக்கு இரண்டு பத்திரிகை போனதும் இதே குடும்பத் தகராறுதான். சில செட்டுகளின் பட்டியல் இரண்டு பிரதிகளாக வந்தது. ஒன்று விண்டோஸில், ஒன்று லினக்ஸில் சேமித்தது. ஒரே மாதிரி வரிகளை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கண்ணுக்கு ஒரே வரி. ஆனால் ஒன்றின் வாலில் 13 ஒளிந்திருந்தது. மெஷினைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு ஆள். ஆக, சிலருக்கு ரெட்டைப் பத்திரிகை, சிலருக்கு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரித்த மாதிரியே தெரியும்.

இதெல்லாம் என் மாதிரிக் கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதல்ல என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆறுதல் கிடைத்தது. மின்னஞ்சல் அனுப்பும் விதிகளை ஜான் போஸ்டெல் 1982ல் எழுதியபோது, ஒவ்வொரு வரியும் 13, 10 இரண்டோடு முடிய வேண்டும் என்று வைத்தார். ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். காலப்போக்கில் சில மெயில் சர்வர்கள், போகட்டும் என்று 10 மட்டும் இருந்தாலும் வரி முடிந்ததாக ஏற்றுக்கொண்டன. 2023 டிசம்பரில் ஆய்வாளர்கள் அதிலுள்ள ஓட்டையை வெளியிட்டார்கள். அனுப்பும் சர்வர் ஒரே கடிதம் என்று நினைப்பதை வாங்கும் சர்வர் இரண்டு கடிதமாகப் படிக்கும்படி செய்து, பிறர் பெயரில் போலிக் கடிதத்தை உள்ளே நுழைக்க முடிந்தது. பெரிய நிறுவனங்கள் சில திருத்தம் போட்டன. வரி எங்கே முடிகிறது என்பதில் இரண்டு பேருக்குக் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்துக்கு நேரில் போனேன். போனில் சொல்கிற சமாச்சாரமாகத் தோன்றவில்லை. பண்ணை வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். லேப்டாப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். 1990 செட்காரர் பெயர், அவர் போன் நம்பர், அதன் முதுகிலேயே இவருடைய வரிசை எண், பெயர், முகவரி.

"அப்ப யாரும் வேணும்னு உடலீங்களா?"

"இல்லீங்கண்ணா. நான்தான் உட்டேன். தெரியாம."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு வருசமும் அட்டெண்டன்ஸ்ல மொதப் பேரு என்னுதுங்க. ரெண்டு நிமிசம் லேட்டாப் போனாலும் எனக்குத்தான் ஆப்சென்ட் உழும். கடைசிப் பேருக்காரன் மெதுவா வந்து 'உள்ளேன் ஐயா' சொல்லுவான்" என்றார். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார். வெளியே வரும்போது கண்ணைத் துடைத்திருந்தார். கைமாற்றுக் கொடுத்த நண்பருக்குத்தான் பேசியிருக்கிறார். 2022 சந்திப்பில் அந்த செட் முதல் வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பின்னணி தெரிந்திருக்காது. தன் பெயரைப் போடாமல் எழுதச் சொல்லி அவரே அனுமதி கொடுத்தார்.

மற்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆறு பேர் சிரித்தார்கள். ஒருவர் திட்டினார், அது நியாயம்தான். எட்டாவது நம்பரை எடுத்தவர் அவருடைய துணைவியார். அவர் 2016ல் காலமாகிவிட்டார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சங்கத்திலிருந்து முகவரி சரிபார்க்கக் கூப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "அவரு காலேஜ் ஐடி கார்டைக் கடைசி வரைக்கும் பர்ஸ்லயேதானுங்க வச்சிருந்தாரு" என்றார் அந்த அம்மா. 2012, 2015 இரண்டு சந்திப்பின்போதும் அவர் சேலத்திலேயே இருந்திருக்கிறார்.

இந்த மலரின் பின்பக்கங்களில் முழுப் பட்டியலும் அச்சாகியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு செட்டின் ஆள் எண்ணிக்கையையும் கல்லூரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் லேபிள் அடிக்கிறோம். அப்படியும் யார் பெயராவது விட்டிருந்தால், மனதில் வைத்துக்கொள்ளாமல் பதிவு மேசைக்கு வந்து சொல்லுங்கள். நான் அங்கேதான் இருப்பேன். இந்த வருடம் முடித்துப் போகும் மாணவ நண்பர்கள் தங்கள் வகுப்புப் பட்டியலைக் கோப்பாகத் தரும்போது, கடைசிப் பெயரை அடித்துவிட்டு ஓர் எண்டர் தட்டிக் கொடுக்கவும்.